ரா டேட்டாவை ஹெக்ஸா மாத்துறது எப்படி?

இன்னைக்கு ஆரக்கிள் டேட்டாபேஸ்ல 'ரா' என்ற டேட்டா டைப் பத்திப் பேசலாம். இதுக்குள்ள இருப்பது எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை; வெறும் பைட்டுகள். ஹாஷ் மதிப்பு, சிஸ்_கைட் ஃபங்ஷன் உருவாக்குற 16 பைட் ஐடி எல்லாம் இந்த வகைதான். நாம கண்ணால படிக்கணும்னா ஹெக்ஸா மாத்தணும்.

ஏன் ஹெக்ஸ்? ஒரு பைட்டில் 8 பிட். அதை நாலு நாலா பிரிங்க. நாலு பிட்டுக்கு 16 மதிப்புகள்: 0 முதல் 9 வரை, அப்புறம் ஏ முதல் எஃப் வரை. உதாரணத்துக்கு 01001011. முதல் பாதி 0100, அதாவது 4. அடுத்த பாதி 1011, அதாவது 11, ஹெக்ஸில் பி. ஆக, 4பி. கணக்கு அவ்வளவுதான்.

பிஎல்/எஸ்க்யூஎல்லில் இந்த வேலையை ராடூஹெக்ஸ் செய்யும். திருப்பி மாத்த ஹெக்ஸ்டூரா. ஒரு பைட்டுக்கு ரெண்டு எழுத்து என்பதால் 16 பைட் ஐடி 32 எழுத்தாகும். வேரியபிளில் அந்த அளவு இடம் விடலைன்னா ஓஆர்ஏ-06502 எரர் வரும்.

பலரும் குழம்புற இடம், யுடிஎல்_ரா பேக்கேஜில் உள்ள காஸ்ட்_டூ_வார்சார்2. இது ஹெக்ஸ் தராது. பைட்டை அப்படியே எழுத்தா எடுத்துக்கும். நம்ம 4பி-யைக் கொடுத்தா 'கே' என்ற ஆங்கில எழுத்து வரும். உள்ளே இருப்பது டெக்ஸ்ட்டுன்னு தெரிஞ்சா மட்டும் இதைப் போடுங்க. ஹாஷுக்குப் போட்டா ஸ்க்ரீன்ல குப்பைதான்.

இன்னொண்ணு: ராடூஹெக்ஸ் கேப்பிடல் லெட்டரில் தரும், பைத்தானின் ஹெக்ஸ்டைஜஸ்ட் ஸ்மால் லெட்டரில் தரும். அப்படியே ஸ்ட்ரிங்கா ஒப்பிட்டா, ஒரே ஹாஷைக்கூட வேற வேறன்னு சொல்லிடும். நல்லா இருக்குற ஃபைலைக் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவோம். ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே கேஸுக்குக் கொண்டு வாங்க.

கடைசியா, வேகம். வேர் கண்டிஷனில் ஐடி ஃபீல்டு மேலேயே ராடூஹெக்ஸ் போட்டா, அதுல இருக்குற சாதாரண இண்டெக்ஸ் உதவாது. டேபிள்ல பத்து லட்சம் ரோ இருந்தா பத்து லட்சத்தையும் மாத்திப் பார்க்க வேண்டி வரும். ஃபீல்டைத் தொடாதீங்க, தேடுற ஸ்ட்ரிங்கை ஹெக்ஸ்டூரால மாத்திக் கொடுங்க. ரெண்டு விதமாவும் எழுதி எக்ஸ்ப்ளெய்ன் ப்ளான் போட்டுப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!