வெள்ளைத் தங்கம்

பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், மூணாறுப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் நகை வாங்க எல்லை கடந்து பொள்ளாச்சி, கோயம்புத்தூர், போடி முதலிய ஊர்களுக்குச் செல்வதுண்டு. இப்போது கடைகளில் வெண்ணிற மோதிரங்களும் தங்கம் என்றே விற்கப்படுகின்றன. சில ஆண்டுகள் அணிந்தபின் மோதிரத்தின் உட்புறம் மஞ்சளித்தால், போலி என்றெண்ணி வந்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் உளர். இவ்வெண்ணம் தவறு.

தங்கம் நீல ஒளியை ஈர்த்துக்கொள்வதால் மஞ்சளாகத் தோன்றுகிறது. நிக்கல் அல்லது பல்லேடியம் போதிய அளவு கலந்தால் அந்நிறம் மங்கிச் சாம்பல் வெண்மையாகும். இருபத்திரண்டு காரட்டுத் தங்கத்தில், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு பொன்னாக உள்ளதில், இதற்கு இடம் போதாது. ஆகவே வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் ஆயிரத்தில் 750 பங்குடைய பதினெட்டுக் காரட்டாகவே செய்யப்படுகிறது. தாலியையும் வளையலையும் 916-இல் வாங்கிப் பழகியவர் இதனை மனத்திற்கொண்டு விலை பேசவேண்டும்.

கலவையிலும் மஞ்சள் சாயல் சற்று எஞ்சும். அதனை மறைக்கவே ரோடியம் என்னும் உலோகத்தை மிக மெல்லிய முலாமாகப் பூசுகின்றனர். தேய்வது அம்முலாமே, பொன்னன்று. மீண்டும் பூசிக்கொள்ளலாம். நிக்கல் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். அத்தகையோர் பல்லேடியக் கலவையைக் கேட்டு வாங்குதல் நன்று.

உரைகல் இங்கு அதிகம் உதவாது. அது நிறத்தை ஒப்பிட்டு மாற்று அறியும் முறையன்றோ? பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசு உதவும். கல் பதிக்காத, உள்ளீடற்றதல்லாத, ஒரு பவுன் அதாவது 8 கிராம் எடையுள்ள மோதிரத்தை நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், வெள்ளைத் தங்கமாயின் எடை ஏறத்தாழ அரை கிராம் குறையும். பிளாட்டினமாயின் 0.4 கிராம், வெள்ளியாயின் 0.8, எஃகாயின் 1 கிராம். வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் வெவ்வேறு உலோகம் என்பதை மாணவர் இவ்வாறு கண்ணாரக் காண்பர். ஆனால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மோதிரத்தில் ஒட்டிய காற்றுக் குமிழிகளையும் நீக்கவேண்டும்.

தரத்தை உறுதியாக அறிய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையே வழி. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் முத்திரை கட்டாயமானபோது, முத்திரையிடும் மையம் இல்லாத இடுக்கி அவற்றுள் சேரவில்லை. 2022 ஜூன் 1 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத்திலேயே சேர்ந்தது. எனவே மலைப்பகுதியில் அதற்குமுன் வாங்கிய நகையில் முத்திரை இல்லாமையைக் கொண்டு அது போலி எனத் தீர்ப்புக் கூறலாகாது. கட்டணம் செலுத்தி மையத்தில் சோதிக்கச் செய்யலாம். 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாய மாவட்டங்களில் விற்கும் நகையில் அமைவனத்தின் சின்னம், 18கே750 என்பது போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. ஆறிலக்கக் குறியீட்டை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டால் நகையின் தரமும் முத்திரையிட்ட மையத்தின் பெயரும் தெரியும்.