மணி அடித்தால் மட்டும் போதுமா?

எங்கள் விராலிமலையில் மயில் அகவினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. பள்ளிக்கூட மணியும் அப்படித்தான். பீரியட் முடிந்தாலும் அதே மணி, சாப்பாட்டுக்கும் அதே மணி, தீப்பிடித்தாலும் அதே மணி என்றால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? "ஐ, இன்டர்வெல் விட்டுட்டாங்க!" என்று டிபன் பாக்ஸைத்தான் தேடுவார்கள்.

கும்பகோணத்தை எந்தத் தாயால் மறக்க முடியும்? 2004 ஜூலை 16 அன்று, பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஓலைக்கூரை பற்றிக்கொண்டால் யோசிக்க நேரம் ஏது? சத்தம் கேட்ட உடனே 'இது தீ, வெளியே ஓடு' என்று புரிந்தாக வேண்டும்.

இதற்கென்றே உலகப் பொதுவான தாளம் ஒன்று உண்டு. அரை நொடி ஒலி, அரை நொடி இடைவெளி என்று மூன்று தடவை. பிறகு ஒன்றரை நொடி மௌனம். மறுபடி மூன்று. வேறு எதற்கும் இந்தத் தாளத்தை அடிக்கக்கூடாது.

தூங்கும் குழந்தை விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 34 குழந்தைகளின் வீடுகளில், அவர்கள் தூங்கும்போது புகை அலாரத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆறு தடவை! 27 பிள்ளைகள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. கீச்சென்ற அந்த ஒலி பெரியவர்களைத்தான் எழுப்புகிறது. பிறகு தாழ்ந்த ஸ்தாயி ஒலியோடு ஒரு பெண்ணின் குரலையும் சேர்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். பெண் குரலுக்குத்தான் என்ன மவுசு பாருங்கள்! ஆகவே வீட்டில் அலாரம் இருந்தாலும், பிள்ளை தானாக எழுந்து வருவான் என்று நம்பாதீர்கள். யார் போய் யாரைத் தூக்குவது என்று கணவரும் நீங்களும் இன்றைக்கே பேசி வையுங்கள்.

காது கேளாதவர்களுக்கு? எவ்வளவு பெரிய சங்கு ஊதினாலும் பயனில்லை. அவர்களுக்கு வெளிச்சம்தான் மணி. நொடிக்கு ஒன்றிரண்டு தடவை பளிச் பளிச்சென்று வெட்டும் வெள்ளை விளக்குகள் உண்டு. அதைவிட வேகமாக வெட்டினால் சிலருக்கு வலிப்பு வரலாம். அதனால்தான் அந்தக் கணக்கு. கழிப்பறையில் தனியே இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும். தூங்கும்போது விளக்கும் உதவாது என்பதால், தலையணைக்கு அடியில் வைத்து அதிரச் செய்யும் கருவியும் வந்திருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "தீ மணியை ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து, "அந்த மணி கேட்டா எந்த வழியா ஓடுவே?" என்று பிள்ளையையும் கேளுங்கள்.