எண்களை ஒளிரச் செய்யும் மின்சாரம்
(அறிவியல் மன்ற மாணவியர்)

கடிகாரத்திலும் கணிப்பானிலும் எண்கள் ஒளிர்வது இன்று நமக்குப் புதுமையன்று. ஆனால் சென்ற நூற்றாண்டின் நடுவில் ஓர் எண்ணை ஒளியால் எழுதிக் காட்டுவது அரிய வித்தையாக இருந்தது. அவ்வித்தையைச் செய்தது 'நிக்சி' குழாய். அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் 1955-ல் இதனை வெளியிட்டது. 1970களில் எல்.ஈ.டி. எண்கள் பரவவே, இதன் செல்வாக்குக் குறைந்தது. எனினும் சோவியத் நாட்டில் 1980களிலும் தயாரான குழாய்கள் இன்றும் பழைய இருப்பிலிருந்து கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு கடிகாரம் செய்வது பலருக்கு இனிய பொழுதுபோக்கு. அக்குழாய்க்கு மின்சாரம் ஊட்டும் முறையைப் பார்ப்போம்.

கண்ணாடிக் குமிழுக்குள் 0 முதல் 9 வரை எண் வடிவில் வளைத்த பத்து மெல்லிய தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இவை எதிர்மின்வாய்கள். அருகே வலை போன்ற நேர்மின்வாய் ஒன்று உண்டு. உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்னும் இருவர் 1898-ல் கண்டுபிடித்த அதே வாயுதான். சாதாரண பல்பைப் போல இதில் எந்த இழையும் பழுக்கக் காய்வதில்லை. எந்த எண்ணுக்கு மின்சாரம் செல்கிறதோ அந்த எண்ணை ஒட்டியுள்ள வாயு செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது.

வாயு எளிதில் மின்சாரத்தைக் கடத்தாது. ஐ.என்.14 என்னும் சோவியத் குழாயை எடுத்துக்கொள்வோம். அது ஒளிரத் தொடங்க ஏறக்குறைய 170 வோல்ட் வேண்டும். ஒளிரத் தொடங்கியபின் சுமார் 140 வோல்ட் போதும். மின்னோட்டமோ 2.5 மில்லி ஆம்பியர்தான். வோல்ட் மிகுதி, ஓட்டம் குறைவு என்பதே இக்குழாயின் இயல்பு.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒருமுறை வழி திறந்துவிட்டால் வாயு தன் வழியே செல்லும் மின்னோட்டத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஓட்டம் பெருகிக் குழாய் கெட்டுவிடும். அதைத் தடுக்க நேர்மின்வாயுடன் ஒரு மின்தடையைத் தொடராக இணைக்கிறோம். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். நாம் தருவது 180 வோல்ட், குழாய் எடுப்பது 140, மீதி 40. அதை 2.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 16,000 ஓம். கடையில் கிடைக்கும் 18,000 ஓம் தடையைப் போட்டால் ஓட்டம் சற்றுக் குறையும், குழாய்க்கு நல்லது.

நான்கு குழாய்களுக்கும் சேர்த்து ஒரே தடை போட்டால் என்ன? முதலில் ஒளிரும் குழாய் மின்னழுத்தத்தை 140-க்கு இறக்கிவிடும். மற்றவை 170-ஐக் காணாமல் இருண்டே கிடக்கும். ஆகவே குழாய்க்கு ஒரு தடை வேண்டும்.

சரி, 180 வோல்டுக்கு எங்கே போவது? வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆயிற்றே, அதையே நேராகத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒருபோதும் கூடாது. அது உயிரைப் பறிக்கும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து தொடங்குவதே முறை.

வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் 'டொக்'கென்று அதிர்கிறது அல்லவா? கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படியே. டிரான்சிஸ்டர் ஒன்று அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. மூடும்போதெல்லாம் சுருளில் மின்னழுத்தம் எகிறுகிறது. டையோடு வழியே அது மின்தேக்கியில் சேர்கிறது. 34063 போன்ற சிறு சில்லு ஒன்று அளவைக் கவனித்து 180-இல் நிறுத்துகிறது. டிரான்சிஸ்டரும் டையோடும் 400 வோல்ட் தாங்குபவையாகவும், மின்தேக்கி 250 வோல்ட் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். ஆறு குழாய்க்குத் தேவை மூன்று வாட்டுக்கும் குறைவு.

அடாப்டரைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி 180 வோல்டைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் கடும் அதிர்ச்சி. மின்தேக்கி 4.7 மைக்ரோ ஃபாரட் என்றால், அதன் குறுக்கே பத்து லட்சம் ஓம் தடை ஒன்றை நிலையாக வைப்போம். அரை நிமிடத்தில் அது வடிந்துவிடும். பிறகும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தே கை வைப்போம். மின்சாரம் இருக்கையில் சுற்றைத் தொட வேண்டாம். ஆசிரியையோ பெற்றோரோ அருகில் இல்லாமல் இவ்வேலையில் இறங்க வேண்டாம்.

பழைய குழாய் ஒன்று கெட்டால் அதன் இடத்துக்கு இன்னொன்று எளிதில் வராது. உயிரோ ஒருமுறை போனால் வராது. ஆற்றலைத் தேடிக் கொணர்வதில் பாதி வேலைதான் முடிகிறது. அதை அளவோடு செலுத்தும் நிதானமே எண்ணை ஒளிரச் செய்கிறது, நம்மையும் காக்கிறது.