நரம்பணு இறப்பின்போது மரபணுச் செயல்பாட்டில் ஏற்படும் மாற்றங்கள்

நரம்பணு இறக்கும் தறுவாயில் அதிலுள்ள மரபணுக்கள் அனைத்தும் ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதில்லை. பெரும்பாலானவற்றின் செயல்பாடு தளரும் அதே நேரத்தில், அதுவரை அடங்கியிருந்த சில மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன. பல சூழல்களில் இவற்றிலிருந்து உருவாகும் புரதங்களே அந்த நரம்பணுவின் இறப்பைத் தொடங்கி வைக்கின்றன. எனவே நரம்பணு இறப்பு என்பது வெறும் சிதைவு மட்டுமன்று. பல வேளைகளில் அது உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டுத் தானே செய்துமுடிக்கும் ஒரு செயலாகும்.

முதிர்ந்த நரம்பணுக்கள் பிரிந்து பெருகுவதில்லை. இழந்த நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவது மிக அரிது. இதனால், இறப்பை இடையில் தடுத்து நிறுத்த முடியுமா என்ற கேள்வி பார்க்கின்சன் நோய், ஆல்சைமர் நோய், பக்கவாதம் போன்றவற்றின் ஆய்வில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது.

மரபணுச் செயல்பாடு

ஒருவரின் தோல் உயிரணுவிலும் நரம்பணுவிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு எப்போது, எவ்வளவு செயல்படுகிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது. செயல்படும் மரபணுவிலிருந்து முதலில் தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, பின்னர் அதைக் கொண்டு புரதம் தயாரிக்கப்படுகிறது. ஓர் உயிரணுவிலுள்ள தூது ஆர்.என்.ஏ.க்களின் அளவை அளந்தால், அவ்வேளையில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பதை அறியலாம். படியெடுப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் புரதங்கள் படியெடுப்புக் காரணிகள் எனப்படும்.

கருவளர்ச்சியில் நரம்பணு இறப்பு

முதுகெலும்பிகளின் கருவளர்ச்சியில் தேவைக்கு அதிகமான நரம்பணுக்கள் உருவாகின்றன. நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் அவற்றுள் ஏறத்தாழ பாதி பின்னர் இறந்துவிடுகின்றன. கோழிக்கருவில் கால் அல்லது இறக்கை முளையை அகற்றினால், அவ்வுறுப்புக்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் இன்னும் அதிகமாக இறப்பதை விக்டர் ஹாம்பர்கரும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஆராய்ந்தனர். நரம்பணு சென்றடையும் திசுவிலிருந்து அதை வாழவைக்கும் ஏதோ ஒரு பொருள் கிடைக்கிறது என்பது இதன் பொருள். அத்தகைய பொருள்களுள் முதலில் கண்டறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. இதற்காக லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹெனுக்கும் 1986-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்காரணி கிடைக்காத நரம்பணு, உணவின்றி வாடும் பயிரைப் போல மெல்லத் தளர்ந்து மடிகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

1988-ஆம் ஆண்டுச் சோதனை

இக்கருத்தை மாற்றியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஜான்சனின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வு. எலியின் பரிவு நரம்பணுக்களை நரம்பு வளர்ச்சிக் காரணியுடன் வளர்தட்டில் வளர்த்து, பிறகு அக்காரணியை நீக்கினால் பெரும்பாலானவை சுமார் 2 நாட்களில் இறந்துவிடும். ஆனால் காரணியை நீக்கும்போதே புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு அல்லது ஆர்.என்.ஏ. படியெடுப்பைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி சேர்க்கப்பட்டபோது, நரம்பணுக்கள் இறக்கவில்லை.

இவ்விரண்டும் பொதுவாக உயிரணுக்களுக்கு நஞ்சானவை. அவை இங்கே உயிரைக் காத்ததற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது: இறப்பதற்கு நரம்பணு புதிய ஆர்.என்.ஏ.வையும் புதிய புரதத்தையும் உருவாக்க வேண்டியிருக்கிறது. அந்தப் புரதங்கள் எவை என்ற தேடல் இதன்பின் தொடங்கியது.

நிகழ்வுகளின் வரிசை

வளர்ச்சிக் காரணி நின்ற சில மணி நேரத்தில் நரம்பணுவின் மொத்த ஆர்.என்.ஏ. உற்பத்தியும் புரத உற்பத்தியும் குறையத் தொடங்குகின்றன. இந்தப் பொதுவான சரிவுக்கு நடுவே சில மரபணுக்களின் செயல்பாடு மட்டும் உயர்கிறது. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது சி-ஜுன் என்னும் படியெடுப்புக் காரணியின் மரபணு. ஜேஎன்கே என்னும் நொதி சி-ஜுன் புரதத்துடன் பாஸ்பேட்டை இணைத்து அதை முடுக்குகிறது. சி-ஜுன் செயல்படாதபடி தடுக்கப்பட்ட பரிவு நரம்பணுக்கள், வளர்ச்சிக் காரணி இல்லாதபோதும் இறப்பிலிருந்து காக்கப்பட்டன என்பதை 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின.

அடுத்த கட்டத்தில் பிம், டிபி5, பியூமா ஆகிய மரபணுக்களின் செயல்பாடு உயர்கிறது. இவற்றின் புரதங்கள் பாக்ஸ் என்னும் புரதம் செயல்பட வழிசெய்கின்றன. பாக்ஸ் இழைமணியின் வெளிச்சவ்வில் துளையிடுகிறது. அதன் வழியே கசியும் சைட்டோகுரோம் சி, காஸ்பேஸ் எனப்படும் புரத வெட்டு நொதிகள் முடுக்கப்படக் காரணமாகிறது. காஸ்பேஸ்கள் உயிரணுவின் கட்டமைப்பைத் துண்டாடுகின்றன, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வும் வெட்டப்படுகிறது.

பாக்ஸும் காஸ்பேஸ்களும் நலமான நரம்பணுவிலும் முன்கூட்டியே இருப்பவைதான். கருவிகள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. அவற்றை இயக்கும் கட்டளையே புதிதாக எழுதப்படுகிறது எனலாம். இக்கட்டளை முழுமையடையச் சில மணி நேரம் ஆகும். எனவே முதல் 12 மணி நேரத்துக்குள் வளர்ச்சிக் காரணியை மீண்டும் சேர்த்தால் பெரும்பாலான நரம்பணுக்கள் பிழைக்கின்றன. ஒரு நாள் கடந்தபின் பலவற்றை மீட்க இயலுவதில்லை.

உருளைப்புழுவின் சான்று

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறிய உருளைப்புழுவின் இருபாலுயிரி வடிவில் வளர்ச்சியின்போது 1090 உடல் உயிரணுக்கள் தோன்றுகின்றன. அவற்றில் 131 இறக்கின்றன. இறப்பவற்றுள் பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. இவ்விறப்பை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காகச் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோர் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புழுவில் முட்டையிடுதலை இயக்கும் ஓர் இணை நரம்பணுக்கள் உள்ளன. இருபாலுயிரியில் இவை வாழ்கின்றன. முட்டையிடாத ஆண் புழுவில் இறந்துவிடுகின்றன. இருபாலுயிரியில் ஈஜிஎல்-1 என்னும் மரபணுவை டிஆர்ஏ-1 என்னும் படியெடுப்புக் காரணி அடக்கிவைக்கிறது. ஆணில் அந்த அடக்குதல் இல்லை. ஈஜிஎல்-1 செயல்படுகிறது, நரம்பணு இறக்கிறது. ஒரே நரம்பணுவின் வாழ்வும் சாவும் ஒரு மரபணுவின் செயல்பாட்டைப் பொறுத்தே அமைவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. ஈஜிஎல்-1 புரதம், பாலூட்டிகளின் பிம், பியூமா புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

காரணமா, விளைவா, தற்காப்பா?

இறக்கும் நரம்பணுவில் ஒரு மரபணுவின் செயல்பாடு உயர்ந்தது என்பதாலேயே அது இறப்புக்குக் காரணம் என்று கூற முடியாது. உயர்வுக்கு மூன்று பொருள்கள் இருக்கலாம். அம்மரபணு இறப்பை நடத்தலாம். இறப்பின் பக்க விளைவாக உயர்ந்திருக்கலாம். அல்லது உயிரணு தன்னைக் காத்துக்கொள்ள அதை முடுக்கியிருக்கலாம். மூளைக்கு இரத்த ஓட்டம் குறையும்போது உயரும் வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்கள் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. சி-ஜுன் மரபணுவுக்கே இரு முகங்கள் உண்டு: முகநரம்பு வெட்டப்பட்ட எலிகளில் அது நரம்பணு இறப்புக்கும் துணைபோகிறது, நரம்பு மீண்டும் வளரவும் உதவுகிறது. எனவே ஒரு மரபணுவைத் தடுத்துப் பார்த்து, நரம்பணு பிழைக்கிறதா எனச் சோதிப்பதே உறுதியான வழி.

இறந்தோரின் மூளைத் திசுவை ஆராய்வதில் வேறொரு சிக்கல் உள்ளது. நோயுற்ற பகுதியில் நரம்பணுக்கள் குறைந்தும், அவற்றுக்குத் துணைநிற்கும் கிளையா உயிரணுக்கள் செயலூக்கம் பெற்றும் இருக்கும். திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால், நரம்பணு மரபணுக்களின் செயல்பாடு குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் குறைந்தது நரம்பணுக்களின் எண்ணிக்கையாகவே இருக்கலாம். தனித்தனி உயிரணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கும் முறைகள் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைத்துள்ளன.

புதிய மரபணுச் செயல்பாடு தேவைப்படாத இறப்பு

எல்லா நரம்பணு இறப்பும் இவ்வழியில் நிகழ்வதில்லை. பக்கவாதத்தில் இரத்த ஓட்டம் முற்றிலும் நின்ற மையப் பகுதியில் ஆற்றல் தீர்ந்து நரம்பணுக்கள் விரைவில் மடிகின்றன. புதிய புரதம் உருவாக அங்கே நேரமும் இல்லை, ஆற்றலும் இல்லை. அதைச் சுற்றியுள்ள பகுதியில் இறப்பு மெதுவாக நிகழ்வதால், மரபணு மாற்றங்களுக்கு அங்கே இடமுண்டு. அதேபோல், வெட்டுண்ட ஆக்சான் உட்கருவின் தொடர்பை இழந்தபின்பும் சிதைகிறது. இச்சிதைவுக்கு, ஆக்சானில் ஏற்கெனவே உள்ள சார்ம்1 என்னும் நொதி காரணமாகிறது.

மருத்துவத்தில்

ஜேஎன்கே வழியைத் தடுத்தால் நரம்பணுக்கள் பிழைக்கும் என்ற ஆய்வக முடிவை அடிப்படையாகக் கொண்டு, சிஇபி-1347 என்னும் மருந்து தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 806 பேரிடம் சோதிக்கப்பட்டது. நோயின் போக்கை அது மாற்றவில்லை. சோதனை 2005-இல் நிறுத்தப்பட்டது. வளர்தட்டில் ஒரே வேளையில் இறக்கும் இளம் நரம்பணுக்களுக்கும், பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாக இறக்கும் முதிர்ந்த மூளை நரம்பணுக்களுக்கும் வேறுபாடு பெரிது. மேலும், இறப்பின் கடைசிக் கட்டத்தை மட்டும் தடுத்தால், நரம்பணுவை அந்நிலைக்குத் தள்ளிய மூலக் கேடு அப்படியே இருக்கும்.

மூலக் கேடு தெளிவாகத் தெரிந்த இடத்தில் மரபணுச் செயல்பாட்டை மாற்றுவது பலன் தந்துள்ளது. முதுகெலும்புத் தசைநலிவு நோயில் எஸ்எம்என்1 மரபணு செயலிழப்பதால் இயக்க நரம்பணுக்கள் இறக்கின்றன. அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் என்னும் மருந்து, அதற்கு இணையான எஸ்எம்என்2 மரபணுவின் ஆர்.என்.ஏ. பதப்படுத்தப்படும் விதத்தை மாற்றி, குறைபட்ட புரதத்தைக் கூடுதலாகக் கிடைக்கச் செய்கிறது. நோய்க்குறிகள் தோன்றுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கப்பட்ட குழந்தைகளிடம் இதன் பலன் மிகுதியாக உள்ளது. மடிந்துவிட்ட நரம்பணுக்களை எந்த மருந்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதே இதற்குக் காரணம்.