பெயர் பொறித்த வாயில்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் நடுகற்கள் பல காணப்படுகின்றன. எழுத்துப் பொறிக்கப்பெற்ற கற்கள் அரசனின் ஆட்சியாண்டையும் வீரனின் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் கூறுகின்றன. எழுத்தில்லாத கல்லோ உருவத்தை மட்டுமே காட்டும். அவ்வீரன் யார் எனக் கூறாது. குறிப்பு இல்லையெனில் கண்முன் நிற்கும் பொருளும் புதிராகிவிடும். இவ்வுண்மை இன்றைய கணினி வலையமைப்புக்கும் பொருந்தும்.

திசைவியும் இடைமுகமும்

1971ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை, ஓசூரைத் தொழில் நகரமாக வளர்த்தது. ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புகளும் இங்கு உருவாகின்றன. மாநில எல்லைக்கு அப்பால் பெங்களூரு உள்ளது. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே தரவுகள் இரவு பகலாகப் பயணம் செய்கின்றன. அவற்றை உரிய முகவரி நோக்கி அனுப்பும் கருவியே திசைவி. அக்கருவியில் வலையமைப்பு ஒவ்வொன்றும் வந்து இணையும் வாயில் இடைமுகம் எனப்படும்.

உற்பத்தியாளர் இடைமுகங்களுக்கு 0/0/1, 0/0/2 என எண்கள் இட்டிருப்பர். அவ்வெண் வாயில் இருக்கும் இடத்தைக் குறிக்குமேயன்றி, அதில் செருகப்பட்ட வடம் எங்குச் செல்கிறது என்பதைக் குறிக்காது. கதவு எண், வீட்டில் வாழ்வோரின் பெயரைக் கூறுவதில்லை அன்றோ?

மறதியின் விலை

ஓர் ஆலையில் இரவுப் பணிநேரத்தில் ஓர் இணைப்பு பழுதாகிறது எனக் கொள்வோம். கருவி அறையில் ஒரே நிறத்தில் பன்னிரண்டு வடங்கள் தொங்குகின்றன. எதிலும் லேபிள் இல்லை. அவற்றை அமைத்தவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். புதிய பணியாளர் ஊகத்தின்பேரில் ஒரு வடத்தைப் பிடுங்குகிறார். நன்றாக இயங்கிய இணைப்பும் அறுகிறது, உற்பத்தி நிற்கிறது. இதற்குக் காரணம் அவருடைய அறியாமையன்று. முன்னவர் எழுதிவைக்காமையே ஆகும்.

மூன்று இடங்களில் ஒரே செய்தி

எனவே, வலையமைப்புப் பயிலும் மாணவர் மூன்று இடங்களில் எழுதப் பழகுதல் வேண்டும்.

முதலாவது, வடம். அதன் இரு முனைகளிலும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கிய லேபிளை ஒட்டுதல் வேண்டும். ஒருமுனையில் மட்டும் ஒட்டினால் மறுமுனையைத் தேடி அலைய நேரும்.

இரண்டாவது, திசைவியின் அமைப்பு. ஒவ்வோர் இடைமுகத்துக்கும் விளக்கக் குறிப்பு எழுதும் வசதி அதில் உண்டு. மறுமுனையின் ஊர், கருவி, அதன் இடைமுகம், வடத்தின் எண், இணைப்பின் பயன் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். ‘முக்கியமான இணைப்பு’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘பெங்களூரு அலுவலகம், முதன்மை இணைப்பு, வடம் 14’ என்பதே வழிகாட்டும்.

மூன்றாவது, ஆவணம். இடைமுகத்தின் முகவரி, வடத்தின் வகை, மாற்றம் செய்த நாள், செய்தவர் பெயர் ஆகியவற்றை அட்டவணையாக்க வேண்டும். கடவுச்சொல்லை எவரும் காணும் இடத்தில் எழுதுதல் கூடாது.

மூன்றும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. வடத்தை மாற்றிவிட்டு லேபிளை மாற்றாது விடுவது, லேபிளே இல்லாமையினும் தீங்கானது. இல்லாத லேபிள் ஐயத்தைத் தரும், பொய்யான லேபிளோ தவறான துணிவைத் தரும். ஆகவே, ஒரு மாணவர் எழுதியதை மற்றொருவர் வடத்தைத் தொடர்ந்து சென்று சரிபார்த்தல் நல்ல பயிற்சியாகும். அண்டைக் கருவிகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் எல்.எல்.டி.பி. என்னும் நெறிமுறையும் இதற்குத் துணைசெய்யும்.

அறியாதவருக்கு எழுதும் மடல்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி ஓசூர். இங்கு ஒருவர் அமைத்த கருவியைப் பிறமொழி பேசும் மற்றொருவர் பழுதுபார்க்கக்கூடும். ஆதலின், அனைவரும் ஏற்ற சுருக்கக் குறியீடுகளையே பயன்படுத்துதலும், அவற்றின் பொருளை ஆவணத்தின் முதற்பக்கத்தில் விளக்குதலும் வேண்டும். நடுகல்லில் எழுத்தைப் பொறித்தவன் பின்னாளில் அதைப் படிப்பவரை அறியான். எனினும் அவருக்காகவே பொறித்தான். லேபிள் எழுதும் மாணவரும் தாம் காணாத ஒருவருக்கே உதவுகிறார். தாம் அறிந்ததைப் பிறரும் அறியுமாறு வைத்துச் செல்வதே தொழிலறம்.

தெரியுமா?

பயிற்சி ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே சில இணைய முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையிலான முகவரிகள் அவற்றுள் ஒரு தொகுதி. உண்மையான முகவரிகளை வெளியிடாமல் பாடம் கற்பிக்க இவை உதவுகின்றன.