பல நாட்டார் பயிலும் ஒரு வகுப்பறை

நுழையும்முன்

நாடுகளுக்கிடையே அமைதி நிலவவேண்டும் என விழையும் பெரியவர்கள் மன்றங்களில் கூடிப் பேசுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமர்ந்தால் எந்நாட்டு வரலாற்றைப் படிப்பர்? எந்நாட்டுத் தேர்வை எழுதுவர்? அவரவர் தாய்மொழி என்னவாகும்? இவ்வினாக்களை எதிர்கொண்ட ஒரு பள்ளியின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளி தோன்றிய சூழல்

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போர் பேரழிவை விளைவித்தது. அத்தகைய போர் மீண்டும் மூளாமல் தடுக்கும் நோக்குடன் 1920ஆம் ஆண்டு பன்னாட்டுச் சங்கம் செயல்படத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரம் அதன் தலைமையிடமாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அங்கேயே இயங்கியது. இவ்வமைப்புகளில் பணியாற்றப் பல நாட்டு அலுவலர்கள் தத்தம் குடும்பத்தினருடன் ஜெனீவாவில் குடியேறினர்.

பிள்ளைகளின் கல்வி அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. உள்ளூர்ப் பள்ளிகள் பிரெஞ்சு மொழியில் சுவிஸ் பாடத்திட்டத்தைக் கற்பித்தன. சில ஆண்டுகளில் தாய்நாடு திரும்பவேண்டிய பிள்ளைகளுக்கு அக்கல்வி முழுமையாகப் பொருந்தவில்லை. இந்நிலையில் 1924ஆம் ஆண்டு ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி தொடங்கப்பட்டது. சுவிஸ் கல்வியாளர் அடால்ஃப் ஃபெரியே, பன்னாட்டுச் சங்கத்தில் பணியாற்றிய அமெரிக்கரான ஆர்தர் ஸ்வீட்சர், போலந்து நாட்டு மருத்துவர் லுத்விக் ராய்க்மன் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்றனர். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் தொடங்கிய இப்பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பயிற்றுமொழிகளாயின.

இப்பள்ளிக்கு நம் நாட்டுடனும் தொடர்புண்டு. 1926ஆம் ஆண்டு கமலா நேருவின் மருத்துவத்திற்காக நேரு குடும்பத்தினர் சுவிட்சர்லாந்து சென்றபோது, சிறுமி இந்திரா இங்குச் சிலகாலம் பயின்றார்.

எந்த நாட்டின் வரலாறு?

பல நாட்டுப் பிள்ளைகளை ஓரிடத்தில் அமரச்செய்தல் எளிது. அவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதே அரிய வினா. வரலாற்றுப் பாடத்தில் இச்சிக்கல் தெளிவாகப் புலப்படும். ஒரு நாட்டின் பாடநூல் வெற்றி என்று போற்றும் போரை மற்றொரு நாட்டின் பாடநூல் இழப்பு என்று வருந்தும். 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் பலர் சிப்பாய்க் கலகம் என்றனர். இந்தியர் பலர் அதனை முதல் இந்திய விடுதலைப் போர் என்கின்றனர். இங்கிலாந்து மாணவரும் இந்திய மாணவரும் அருகருகே அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் எப்பெயரைக் கரும்பலகையில் எழுதுவார்? இரண்டையும் எழுதி, அவை ஏன் வேறுபடுகின்றன என்று ஆராயச்செய்வதே அவ்வகுப்பிற்கு உரிய வழியாகும்.

இத்தகைய சிந்தனையை வளர்த்தவருள் மேரி தெரேஸ் மோரெத் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1929 முதல் 1949 வரை அவர் இப்பள்ளியை வழிநடத்தினார். ஒரு நாட்டை நடுவில் வைக்காமல் உலகம் முழுவதையும் நோக்கும் வகையில் நிலவியலும் வரலாறும் கற்பிக்கப்படவேண்டும் என்பது அவர் கொள்கை. அமைதிக்கு உதவும் கல்விமுறைகள் பற்றி அவர் எழுதிய கையேட்டை 1948ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்டது.

தேர்வு பிரித்தது

இளம்வகுப்புகளில் ஒன்றாக அமர்ந்து பயின்ற மாணவர்கள் மேல்வகுப்பை எட்டியதும் பிரியவேண்டியிருந்தது. ஒவ்வொரு நாட்டுப் பல்கலைக்கழகமும் தன் நாட்டுத் தேர்வையே எதிர்பார்த்தமையே அதற்குக் காரணம். இங்கிலாந்து செல்வோர் அந்நாட்டுத் தேர்வுக்கும், பிரான்சு செல்வோர் பக்கலோரியா தேர்வுக்கும், சுவிட்சர்லாந்தில் பயில்வோர் மத்தூரா தேர்வுக்கும் ஆயத்தமாயினர். அமெரிக்கா செல்வோருக்குரிய தேர்வு வேறாக இருந்தது. நாட்டெல்லைகளைக் கடக்கத் தோன்றிய பள்ளி, இறுதி ஆண்டுகளில் தன் மாணவர்களை நாடுவாரியாகப் பிரிக்க நேர்ந்தது.

இம்முரணைக் களைய ஆசிரியர்களே முன்வந்தனர். 1960களின் தொடக்கத்தில், எல்லா நாட்டினரும் எழுதத்தக்க பொதுத்தேர்வு ஒன்றை உருவாக்கும் முயற்சி ஜெனீவாவில் தொடங்கியது. கருத்து மாறுபாடு மிகுந்த வரலாற்றுப் பாடத்திலேயே அவர்கள் தம் முயற்சியைத் தொடங்கினர் என்பது கருதத்தக்கது. இம்முயற்சியின் பயனாக 1968ஆம் ஆண்டு பன்னாட்டுப் பக்கலோரியா அமைப்பு உருவாயிற்று. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கல்வியாளர் அலெக் பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநரானார்.

தாய்மொழியின் இடம்

இவ்வமைப்பின் மேனிலைக் கல்வி ஈராண்டுகளைக் கொண்டது. மாணவர் ஆறு பாடங்களைப் பயில்வர். தாமே தெரிவுசெய்த பொருளில் நான்காயிரம் சொற்களுக்கு மிகாத ஆய்வுக்கட்டுரை ஒன்றை எழுதுவர். ஒன்றை நாம் எவ்வாறு உண்மையென அறிகிறோம் என ஆராயும் அறிவுக்கோட்பாடும் பாடத்திட்டத்தில் உண்டு.

ஆறு பாடங்களுள் முதலிடம் மாணவர் தேர்ச்சி பெற்ற மொழியின் இலக்கியத்திற்கு உரியது. பள்ளியில் அம்மொழிக்கு ஆசிரியர் இல்லாவிடினும், பள்ளியின் துணையோடு தம் தாய்மொழி இலக்கியத்தைத் தாமே பயின்று தேர்வெழுதும் வாய்ப்பும் வழங்கப்பட்டுள்ளது. வகுப்பிற்கு ஒரு பொதுமொழி தேவை. அதனால் ஒருவர்தம் மொழி அழியவேண்டுவதில்லை என்னும் தெளிவு இந்த ஏற்பாட்டில் புலப்படுகிறது. பொதுமொழி பிறரோடு பேசத் துணைசெய்யும். பேசுவதற்கு நம்மிடம் உள்ள பொருளைப் பெரும்பாலும் தாய்மொழியே தந்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் கொடைக்கானலில் 1901ஆம் ஆண்டு அமெரிக்கக் கிறித்துவ ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி, பிற்காலத்தில் பல நாட்டு மாணவர்கள் பயிலும் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்தது. 1976ஆம் ஆண்டு பன்னாட்டுப் பக்கலோரியா கல்வியை ஏற்ற இப்பள்ளியே இந்தியாவில் அதனை முதலில் நடைமுறைப்படுத்தியதாகும்.

குறையும் நிறையும்

இத்தகைய பள்ளிகளின் கட்டணம் பெரும்பாலும் மிகுதி. ஆகவே, பல நாட்டுப் பிள்ளைகள் பயிலும் வகுப்பறையில் எல்லா நிலைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பதில்லை. மேலும், ஆங்கிலம் பயிற்றுமொழியாகும்போது, வீட்டில் அதனைப் பேசும் மாணவர் விரைந்து விடையளிப்பார். பிறமொழி மாணவர் விடையறிந்தும் சொல்லின்றித் தயங்குவார். அத்தயக்கத்தை அறியாமை என்று கொள்ளாத ஆசிரியரும் தோழரும் வாய்க்கும்போதே அவ்வகுப்பு அனைவருக்கும் உரியதாகிறது.

இப்பண்பிற்குப் பன்னாட்டுப் பள்ளிதான் வேண்டும் என்பதில்லை. பணி தேடி நம் மாநிலத்திற்கு வந்த பிறமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று நம் ஊர்ப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். இந்தியோ வங்காளமோ ஒடியாவோ பேசும் ஒரு மாணவர் தமிழ் வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது நம் கடமை. அவர் மொழியில் நீருக்கும் சோற்றுக்கும் என்ன பெயர் என்று கேட்டறிவதும் கல்வியே. ஜெனீவாவில் ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுந்த வினாவிற்கு நம் வகுப்பறையிலும் விடைகாண இயலும்.