கோப்பையில் சோறு இருந்தும் தொண்டையில் இறங்காதது ஏன்?

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் இழப்புக்களைப் பதியும்போது வீடு, வயற்காணி, விதைநெல், மாடு, நீரிறைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறோம். உணவைப் பொறுத்தவரை எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்ற கணக்கு மட்டுமே பதிவாகிறது. அந்த அரிசியைச் சமைத்த பின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஆனால் நீங்கள் அதை அறிவீர்கள். முன்பு வயலில் நின்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்ட தகப்பன், இன்று இரண்டு கவளத்துடன் கையைக் கழுவிவிடுகிறார். சிறு பிள்ளை பிசுக்கோத்துகளைப் பாய்க்கடியில் ஒளித்து வைக்கிறது. தாய் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்றுவிட்டுத் தனக்குப் போதும் என்கிறாள். யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல ஒருவர் அவசர அவசரமாக விழுங்குகிறார். இவற்றைக் காணும் அயலவர் ஒன்றைப் பெருந்தீனி என்கின்றனர்; மற்றொன்றை வீம்பு என்கின்றனர்; இன்னொன்றைப் பிள்ளையின் களவுப் புத்தி என்கின்றனர். இவை குணக்கேடுகள் அல்ல என்பதையும், பசியும் பயமும் துக்கமும் மனிதருடைய சாப்பாட்டை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

36 இளைஞர்களிடம் கண்டது

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி உடலைத் தேற்றுவது என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் 1944 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடக்கினார். 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். அவர்கள் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். அவர்களுள் பலர் மெனோனைற், குவேக்கர் முதலிய அமைதிச் சபைகளைச் சேர்ந்தவர்கள். உடலாலும் மனத்தாலும் நல்ல நிலையில் இருந்தவர்களே தெரிவு செய்யப்பட்டனர்.

முதல் 12 வாரங்கள் வழமையான உணவு வழங்கப்பட்டது. அடுத்த 24 வாரங்கள் அதில் ஏறத்தாழ அரைப்பங்கே கிடைத்தது. பாண், உருளைக்கிழங்கு, கோவா போன்றவையே பெரும்பாலும் கொடுக்கப்பட்டன. அவர்களின் உடல் நிறை நான்கில் ஒரு பங்களவு குறைந்தது. இது எதிர்பார்த்ததே. மனத்திலும் நடத்தையிலும் ஏற்பட்ட மாற்றமே எல்லோரையும் சிந்திக்க வைத்தது. சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு அவர்களிடம் இல்லாமற் போயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர். சிலர் சிறிதளவு உணவை நீர் விட்டுப் பெருக்கி நெடுநேரம் வைத்து உண்டனர். கோப்பையை நக்கினர். கோப்பியும் தேநீரும் அளவின்றிக் குடித்தனர். சிறு விடயங்களுக்கும் எரிந்து விழுந்தனர். சிரிப்பையும் நட்பையும் மறந்து தனித்திருக்க விரும்பினர்.

பின்பு உணவு படிப்படியாகக் கூட்டப்பட்டது. உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. கட்டுப்பாடு நீங்கியபோது பலர் வயிறு நிறைந்த பின்னரும் நிறுத்த முடியாமல் உண்டனர். வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்றனர். இந்நிலை சிலருக்குப் பல மாதங்கள் நீடித்தது. ஆய்வின் முடிவுகள் 1950 இல் இரு தொகுதிகளாக நூலுருப் பெற்றன.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் வீட்டை இழக்கவில்லை. உறவினரைப் பறிகொடுக்கவில்லை. செல் வீச்சுக்கு அஞ்சி ஓடவில்லை. இன்ன திகதியில் பசி முடியும் என்பதையும் அறிந்திருந்தனர். அப்படியிருந்தும் ஆறு மாத அரைப்பட்டினி அவர்களை இவ்வளவு மாற்றியதென்றால், எத்தனை முறை பசி வரும், எப்போது முடியும் என்று தெரியாமல் வாழ்ந்தவர்களை அது எவ்வளவு மாற்றியிருக்கும்? ஆகவே உணவை ஒளித்து வைக்கும் பிள்ளையும் அவசரமாக விழுங்கும் பெரியவரும், பசியை அறிந்த எந்த மனிதரும் செய்வதையே செய்கின்றனர். உணவு திரும்பி வந்த பின்னும் பசியின் தழும்பு சில காலம் இருக்கும்.

பயமும் துக்கமும் வயிற்றில் செய்வது

பயம் வரும்போது உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகிறது. இரத்தம் கைகால்களின் தசைகளுக்கு விரைகிறது. இரைப்பையின் வேலை மந்தமாகிறது. வாய் உலர்கிறது. அந்நேரத்தில் சோறு இறங்காமல் இருப்பது இயல்பே. ஆனால் பயம் மாதக்கணக்கில் நீடிக்கும்போது ஒருவருக்குப் பசியே எடுப்பதில்லை. மற்றொருவருக்கோ இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் ஓயாத நாட்டம் உண்டாகிறது. சீனி கூடிய தேநீராலும் வெற்றிலையாலும் பசியை மறைத்துக்கொள்வோரும் உளர். ஆண்கள் சிலர் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சாராயத்தையோ கசிப்பையோ நாடுகின்றனர். அது பசியையும் துக்கத்தையும் சற்று நேரம் மறைத்தாலும் உடலையும் குடும்பத்தின் கைக்காசையும் சேர்த்தே அழிக்கிறது.

துக்கம் இன்னொரு வழியில் வேலை செய்கிறது. உணவு நினைவோடு பிணைந்தது. காணாமற் போன மகன் விரும்பிய கறியைப் பின்னர் அந்த வீட்டில் சமைப்பதே இல்லை. சமைத்தாலும் தாய்க்கு அது தொண்டையில் நிற்கிறது. தான் மட்டும் உயிரோடிருந்து உண்பது குற்றம் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு.

திருமறையில் எலியா இறைவாக்கினரின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உயிருக்கு அஞ்சி ஓடிய அவர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழே படுத்து, தமக்குச் சாவு வரட்டும் என்று வேண்டினார். இறைவனின் தூதர் அவரைக் கண்டிக்கவில்லை, போதனையும் செய்யவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து உண்ணும்படி தட்டி எழுப்பினார். அவர் உண்டு மீண்டும் தூங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார். மனமுடைந்தவரைச் சாப்பிட வைப்பது எப்படி என்பதற்கு இதனிலும் நல்ல வழிகாட்டல் இல்லை எனலாம்.

வயல் போனபோது வேளையும் போயிற்று

விவசாயக் குடும்பத்தின் சாப்பாட்டு வேளையை நிர்ணயித்தது மணிக்கூடு அன்று, வேலையே. விடியற்காலைப் பழஞ்சோறு, வயலுக்கு வரும் மதியச் சோறு, அரிவு வெட்டுக் காலத்தில் கூலியாட்களோடு கூடியிருந்து உண்பது, புது நெல்லில் புதிர் எடுப்பது என்று உணவுக்கும் உழைப்புக்கும் ஒரு தொடர்பு இருந்தது. முகாமிலோ உறவினர் வளவிலோ வேலையற்றிருக்கும்போது அத்தொடர்பு அறுகிறது. எப்போது சாப்பிடுவது, ஏன் சாப்பிடுவது என்பதே தெரியாமற் போகிறது.

அத்துடன் மானமும் சேர்ந்துள்ளது. 2009 இல் வன்னியிலிருந்து வந்த மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். அது 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. தொடக்க மாதங்களில் பொதுச் சமையலறை உணவுக்காகப் பலர் வரிசையில் நின்றனர். தன் பட்டடையிலிருந்து பிறருக்கு நெல் அளந்து கொடுத்த ஒருவர் கோப்பையுடன் வரிசையில் நிற்கும்போது அவருக்கு வயிறு பசித்தாலும் மனம் மறுக்கிறது. பிறர் கையால் வாங்கிய உணவில் தனக்குச் சொந்தமான தெரிவு எதுவுமில்லை. அரிசியைக் கையில் கொடுத்து, அடுப்பை மூட்டித் தானே சமைக்க விட்டால் அதே அரிசி நன்றாக இறங்குகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று எழுதியுள்ளார். சாப்பாட்டிலும் இது உண்மை. ஒருவர் உண்ணாதிருப்பதற்குக் காரணம் அவருக்குள்ளே மட்டும் இல்லை. அவரோடு கூடியிருந்து உண்ண ஆளில்லாததும் ஒரு காரணம். மனிதர் தனித்திருப்பதிலும் பார்க்கக் கூடியிருக்கும்போது கூடுதலாக உண்கின்றனர் என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு.

கடைசியாகச் சாப்பிடும் தாய், சாப்பிட மறுக்கும் மகள்

பஞ்ச காலத்தில் முதலில் குறைவது தாயின் பங்கு. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போதும் நாடெங்கும் குடும்பங்கள் வேளைகளைக் குறைத்தன. பல வீடுகளில் தாய்மாரே முதலில் விட்டுக் கொடுத்தனர். நெருக்கடி தணிந்த பின்னும் இப்பழக்கம் மாறுவதில்லை. காலப்போக்கில் அவள் தன் பசியையே உணராதவளாகிறாள். குருதிச்சோகை, களைப்பு, தலைச்சுற்று என்பன வருகின்றன. இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் பேசாமலிருக்க முடியாது. தாய் விழுந்தால் வீடே விழும்.

இளம்பெண்களிடம் வேறொரு தொல்லை தலைகாட்டுகிறது. பீஜித் தீவில் பருத்த உடலே அழகும் செழிப்பும் என்று கருதப்பட்டது. அங்கே நாட்டுப்புறப் பகுதியொன்றுக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பாடசாலை மாணவிகளிடம் விசாரித்தார். நிறையைக் குறைக்க வேண்டுமென்றே சத்தியெடுத்ததாக 1995 இல் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998 இல் நூற்றுக்கு 11 பேரளவில் அவ்வாறு செய்ததாகக் கூறினர். மூன்றே ஆண்டுகளில் வந்த மாற்றம் இது. இன்று தொலைக்காட்சியுடன் கைத்தொலைபேசியும் எம் பிள்ளைகளின் கைகளில் உள்ளது. அத்துடன் கலியாணப் பேச்சில் மெலிவு, நிறம் என்று பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகளும் காதில் விழுகின்றன. மற்றெல்லாம் கைவிட்டுப் போன வாழ்வில் தன் சாப்பாட்டையாவது தான் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு பிள்ளை நினைக்கவும் கூடும். உண்ண மறுப்பதும், அளவுக்கு மீறி உண்டு பின் சத்தியெடுப்பதும் நோய்கள். அடியாலோ ஏச்சாலோ அவை மாறமாட்டா.

நாம் செய்யக் கூடியவை

1. ஒரு நாளில் ஒரு வேளையாவது முழுக் குடும்பமும் ஒன்றாக இருந்து உண்ணுங்கள். கஞ்சியாயினும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். அந்நேரம் கடன், காணி வழக்கு, பிள்ளையின் புள்ளிகள் பற்றிய பேச்சு வேண்டாம்.

2. சோறு போடும்போதே தாயின் பங்கையும் கோப்பையில் போடுங்கள். மிஞ்சியது தாய்க்கு என்ற வழக்கத்தை வீட்டிலுள்ள ஆண்களே மாற்ற வேண்டும்.

3. உணவை ஒளிக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். மூடியுள்ள சிறு பேணியொன்றில் அவனுக்கென்று கொஞ்சம் வைத்து, நாளைக்கும் இருக்கும் என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாளும் வையுங்கள். நம்பிக்கை வந்தபின் அப்பழக்கம் மெல்ல நீங்கும்.

4. பிள்ளைக்கு என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு தீர்மானிக்கட்டும். பழகாத கீரையையோ தானியத்தையோ பிள்ளை ஒருமுறை தள்ளினால் விட்டுவிடாமல், வற்புறுத்தாமல், பத்துத் தடவைகளாவது சிறிதளவு வைத்துப் பாருங்கள். உணவைத் தண்டனையாகவோ பரிசாகவோ ஆக்காதீர்கள்.

5. பசியற்றவருக்குப் பெரிய கோப்பையை நீட்டாதீர்கள். முருங்கையிலைக் கஞ்சி, குரக்கன் கூழ், அவித்த முட்டை என்று சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். அருகிலிருந்து நீங்களும் உண்ணுங்கள்.

6. பல நாட்கள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பது ஆபத்து. உடலிலுள்ள உப்புக்களின் சமநிலை குலைந்து உயிரும் போகலாம். 1945 இல் ஐரோப்பிய வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்ட சிலர் இவ்வாறு இறந்தனர். வைத்தியரின் சொற்படி மெதுவாகக் கூட்டுங்கள்.

7. கூப்பிடு தூரத்தில் நிலமில்லாவிட்டாலும் பழைய உரப்பையில் மண் நிரப்பிப் பொன்னாங்காணி, மிளகாய், கத்தரி நடலாம். வேலியில் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம். இதனால் வரும் கறி கொஞ்சந்தான். ஆயினும் தன் கையால் விளைந்ததை உண்ணும் விவசாயிக்குச் சாப்பாட்டின் சுவை திரும்புகிறது.

8. யாருடைய உடம்பையும் பற்றிப் பகிடி பண்ண வேண்டாம். நிவாரணம் வழங்கும் பங்குக் குழுக்களும் சங்கங்களும் சமைத்த உணவுப் பொதியிலும் பார்க்க, இயன்றவரை உலருணவையும் விறகையும் சட்டியையும் கொடுப்பது நன்று. எது வேண்டுமென்று மக்களிடமே கேளுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சரிவர உண்ணாமல், தூக்கமும் குறைந்து, எதிலும் விருப்பமற்றிருந்தால். உடை தளரும் அளவுக்கு மெலிந்தால். உண்டதை இரகசியமாகச் சத்தியெடுத்தால். பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றால். வாழ விருப்பமில்லை என்று சொன்னால் தாமதிக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கூறலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியக்காரருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறானது. கால் முறிந்தால் வைத்தியரிடம் போகிறோம். பசி முறிந்தாலும் போக வேண்டும்.

இவ்வாரம் உங்கள் அயலில் தனியாகச் சமைத்துத் தனியாக உண்ணும் ஒருவர் இருந்தால், ஒரு வேளைக்கு அவரை உங்கள் பாயில் அமர அழையுங்கள். முதல் நாள் அவர் மறுத்தால், இரண்டாம் முறையும் அழையுங்கள்.